தீராத வயிற்று வலி

என் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கடிதம் போட்டவர்கள் உண்டு. கூட்டத்தில் எழுந்து நின்று கண் கலங்கியவர்களும் உண்டு. அந்தப் புத்தகத்தை ஸ்கேன் ரிப்போர்ட்டுகளோடு சேர்த்து ஒரு துணிப்பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போனவள் என் அக்கா மகள் ஒருத்திதான்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கணவன் மக்காச்சோளம் வாங்கி விற்கிறவன், சாது. எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. இரண்டு வருடமாக அவளுக்கு வயிற்று வலி. பார்க்காத டாக்டர் இல்லை, விழுங்காத மாத்திரை இல்லை. எல்லா ரிப்போர்ட்டிலும் ஒன்றுமில்லை என்றே வந்தது. ஒன்றுமில்லை என்று எழுதிய ஒவ்வொரு காகிதமும் அவளுடைய பயத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. ஏனென்றால் அவளுடைய அம்மா வயிற்று வலியால் செத்தவள்.

புது டாக்டரைப் பார்க்கப் போகும்போது, "அம்மாவைப் பத்திக் கேட்டா எனக்கு என்ன தெரியும்? நீங்களும் வாங்க சித்தி" என்றாள். அரியலூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

டாக்டர் இளம் பெண். பொறுமையாகக் கேட்டாள். அம்மா எத்தனை வயதில் இறந்தார் என்று அவள் கேட்டதும், "இருபத்து மூணு" என்று சொல்லிவிட்டு இவள் பையிலிருந்து என் புத்தகத்தை எடுத்தாள். பக்கத்துக்கு அடையாளமாக ஒரு பஸ் டிக்கெட் வைத்திருந்தாள். டாக்டர் அந்த வரியை வாய்விட்டே படித்தாள்.

"'தீராத வயிற்று வலி என் அக்காவைத் தின்று தீர்த்தது. இருபத்து மூன்று வயதில் அவளைக் கொண்டுபோய்விட்டது.' யாருங்க எழுதினது?"

"இவங்கதாங்க. எங்க சித்தி. தமிழ் டீச்சர். நடந்தத நடந்தபடி எழுதுவாங்க."

டாக்டர் என்னை மரியாதையோடு பார்த்தாள். எழுத்தாளர் என்று எனக்கு அங்கங்கே கிடைத்த மரியாதையில் என்னைக் கூனிக் குறுக வைத்தது அது ஒன்றுதான். "எங்க காட்டினீங்க? ஜி.எச்.லயா?" என்றாள்.

"அப்பல்லாம் எங்கம்மா ஆஸ்பத்திரி? செந்துறையில மருந்துக் கடைக்காரர் குடுக்குற மாத்திரைதான். ரெண்டு கலர்ல இருக்கும்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. தானாக வந்தது. அந்த இரண்டு கலர் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பொய் சொன்னாலும் நுணுக்கமாகச் சொல்வேன். அதைத்தான் என் எழுத்தில் உயிர் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

டாக்டர் குறித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "இவ்ளோ சின்ன வயசுல போயிருக்காங்கன்னா பரம்பரையா வர்ற ஏதாச்சும் இருக்கலாம். உங்களுக்கு வயித்துல சின்னதா ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பாத்துடலாம், திருச்சிக்கு எழுதித் தரேன். பாப்பாவுக்கும் ஒரு தடவை மயக்கம் குடுத்துக் குழாய் விட்டுப் பாத்துடுறது நல்லது."

என் அக்கா மகளின் முகத்தில் பயம் வரவில்லை, நிம்மதி வந்தது. கடைசியில் ஒருத்தராவது நம்பினார்களே என்ற நிம்மதி. குழந்தை என் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து மிளகாய் கிள்ளிப் போட்ட எதையும் தின்றதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் தயிர்சோற்று டப்பா கூடவே போகும். ஊறுகாய் என்றால் விஷம் என்று இவள் அதற்குச் சொல்லி வைத்திருந்தாள். இப்போது அதன் தொண்டைக்குள் குழாய் இறங்கப்போகிறது. நான் எழுதிய ஒரு வரியை நம்பி.

அந்த வரியை நான் முதல் தடவை எழுதியது புத்தகத்தில்தான் என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்துச் செய்தித்தாள்களைப் புரட்டுகிறவர்களுக்கு அந்த வார்த்தைகள் பழக்கம்தான். தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த இளம்பெண், வலி தாங்க முடியாமல், என்று போகும். புருஷன் அடித்தாலும் வயிற்று வலி, மாமியார் படுத்தினாலும் வயிற்று வலி, காதலித்தவன் கைவிட்டாலும் வயிற்று வலிதான். இத்தனை பேர் வயிறும் நிஜமாகவே நொந்திருந்தால் அரசாங்கம் இந்நேரம் ஊர் ஊராகத் தண்ணீரை எடுத்துப் பரிசோதித்திருக்கும். யாரும் பரிசோதிக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். எழுதுகிறவருக்கும் தெரியும், எழுதச் சொல்கிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டுக்காக எழுதியவள் நான். அப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். தா.பழூர்ப் பக்கம் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு எல்லோரும் போயிருந்தோம். அவளைக் கிடத்தியிருந்த இடத்துக்கு என்னை விடவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு என்னை உட்கார வைத்து, முழுத்தாளைக் கையில் கொடுத்தார்கள். ஸ்டேஷனிலிருந்து வந்திருந்த ஒரு ஏட்டு சொல்லச் சொல்ல எழுதினேன். என் மூத்த மகள் கடந்த ஆறு மாத காலமாகத் தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தார். பல இடங்களில் வைத்தியம் பார்த்தும் குணமாகவில்லை. வலி தாங்க முடியாமல் தன் முடிவைத் தானே தேடிக்கொண்டார். அவருடைய சாவில் எனக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை.

ஏட்டு தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து முத்தாட்டம் இருக்குதும்மா. எத்தனாவது படிக்கிற?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்கா உள்ளே கிடக்கிறாள், ஒருவர் என் கையெழுத்தைப் பாராட்டுகிறார், எனக்குள் ஒன்று குளிர்ந்தது. என் எழுத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

அப்பா ஏன் அதில் கையெழுத்துப் போட்டார் என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு காரணம் உண்டு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் நாலு பேர் அவரைத் தனியாகக் கூட்டிப்போய், "கேஸு கீஸுன்னு போனீங்கன்னா புள்ளைய மறந்துடுங்க. போவலன்னா நீங்களே வெச்சி வளத்துக்குங்க" என்று சொன்னார்கள். அப்பா குழந்தையைக் கேட்டார். அவர்களில் ஒருவர் குழந்தையைத் தூக்கிவந்து அம்மாவின் மடியில் போட்டார். அதற்கு இரண்டு வயது முடிந்திருந்தது. அதன் தகப்பன் மறு வருடமே வேறு கல்யாணம் செய்துகொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான். ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை.

குழந்தைக்காகத்தான் என்பது உண்மைதான். முழு உண்மை இல்லை. அடுத்ததாக ஒருத்தி கல்யாணத்துக்கு நிற்கிறாள், கோர்ட்டு வாசலில் நின்ற குடும்பத்தில் யார் பெண் எடுப்பார்கள் என்றும் பேசினார்கள். அந்த அடுத்தவள் நான்தான்.

அதற்கப்புறம் மனுவின் பின்பாதியை வெட்டிவிட்டோம். முடிவைத் தானே தேடிக்கொண்டாள் என்பது போய், வயிற்று வலியால் செத்தாள் என்பது மட்டும் நின்றது. குழந்தை வளர்ந்து கேட்டபோது அதைத்தான் சொன்னோம். உறவுக்காரர்கள் யாராவது ஏதாவது பேச வாயெடுத்தால், பிள்ளை இருக்கிறது என்று அம்மா கண்ணைக் காட்டுவாள், அவர்களும் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஊருக்கே தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நாங்கள் முப்பது வருடம் மறைத்துக் காட்டினோம்.

நான் டீச்சரானேன். கல்யாணமும் ஆனது. நாற்பதைத் தாண்டியபோது பெரம்பலூரிலிருந்து வரும் ஒரு சிறு மாத இதழில் பழைய நாட்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதினேன். முந்திரிக்கொட்டை உடைத்துக் கை புண்ணானது, சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் சைக்கிளில் போய்ப் புழுதியில் வெள்ளையாகப் பள்ளிக்கூடம் சேர்ந்தது, எல்லாம் நடந்ததுதான். அப்பாவின் கோபத்தை எழுதினேன். என் சித்தப்பாவின் குடியை எழுதினேன். அவர் பிள்ளைகள் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மை எழுதினால் நாலு பேர் விரோதிகளாகத்தான் ஆவார்கள் என்று கூட்டத்தில் பேசினேன், கைதட்டினார்கள்.

அக்காவைப் பற்றி எழுத வேண்டிய இடம் வந்தது. அவள் மாவு பிசையும்போது வளையலை முழங்கைக்கு ஏற்றிக்கொள்வதை எழுதினேன். எனக்குப் பேன் பார்த்துவிட்டதை எழுதினேன். சாவுக்கு வந்தபோது கை தானாக அந்த வரியை எழுதிவிட்டது. பழைய மனுவில் இருந்தது வெறும் வாக்கியம். இதில் தின்று தீர்த்தது, கொண்டுபோய்விட்டது என்று அலங்காரம் வேறு. அந்தக் கட்டுரைகள் புத்தகமாக வந்தபோது பலர் அந்த வரியை எடுத்துச் சொல்லிப் பாராட்டினார்கள்.

நினைவில் இருப்பதை எழுதுவதுதான் நினைவுக் குறிப்பு என்கிறார்கள். எனக்கு எது நன்றாக நினைவில் இருந்ததோ அதை எழுதாமல் தப்பிக்கத்தான் நான் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறேன். சித்தப்பாவின் குடியை எழுத ஒரு தைரியமும் தேவையில்லை, அவர் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. ஊரார் குற்றத்தை எழுதுகிறவர்களை நம் ஆட்கள் சுலபமாக நம்பிவிடுகிறார்கள். இவ்வளவு சொல்கிறவள் வேறு எதை மறைக்கப்போகிறாள் என்று நினைத்துவிடுகிறார்கள்.

குழந்தைக்குக் குழாய் விடுவதற்கு நாள் குறித்துவிட்டதாக அவள் போன் செய்தாள். அந்த வாரம் நான் சோறு தின்றதாக நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளையும் குழந்தையையும் அரியலூருக்கு வரச் சொன்னேன். மதியம் சாப்பிட்டு முடித்ததும் குழந்தையை முன்னறையில் டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு, இவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். மதியத்துச் சோற்றுப் பாத்திரங்கள் தொட்டியில் கிடந்தன. கீழே உட்கார்ந்துகொண்டோம்.

"ஒங்கம்மாவுக்கு வயித்து வலி கெடையாதுடி" என்றேன். சுற்றி வளைக்க வராது எனக்கு. எழுத்தில்தான் வளைப்பேன்.

அவளுக்குப் புரியவில்லை. "பின்ன என்ன வலி?" என்றாள்.

சொன்னேன். ஒங்கப்பன் அடிப்பான். கையில, முதுகுல தழும்பு இருக்கும். அவ சாவுறதுக்குப் பத்து நாள் முன்னாடி உன்னையும் தூக்கிக்கிட்டு நம்ம வூட்டுக்கு வந்தா. ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்னு கேட்டா. வாழப் போன எடத்துல முன்ன பின்னதான் இருக்கும்னு தாத்தா சொன்னாரு. ஆயா ஒண்ணும் சொல்லல. அப்புறம் திரும்பிப் போனா. அங்க போயி, அவளே.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முன்னறையில் டிவியில் ஏதோ பொம்மைப் படத்தின் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க?" என்றாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

அவள் அதைக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றும் ஒரு நப்பாசை இருந்தது.

"எனக்குப் பரீச்சை. நீ ராவும் பகலும் அழுவ. படிக்க முடியல, நீ எப்பக்கா போவன்னு கேட்டேன். நாளைக்கிப் போயிடுறேன்டின்னு சொன்னா. மறுநாளு நான்தான் பைய தூக்கிக்கிட்டு செந்துறை வரைக்கும் போயி பஸ் ஏத்திவுட்டேன். ஜன்னல் வழியா, வெயில்ல நிக்காத, வூட்டுக்குப் போன்னா. அவ்வளவுதான் பேசினா."

அவள் அழவில்லை. எழுந்து முன்னறைக்குப் போனாள். போனை எடுத்து அந்த டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். "பாப்பாவுக்கு வேணாங்க. கேன்சல் பண்ணிடுங்க. எங்க வூட்ல யாருக்கும் அந்த வியாதி இல்லீங்க" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. பிழைத்தோம் என்று நினைத்தேன். பாத்திரத்தைத் தேய்க்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"எனக்கு வலிக்கிறது நெசம் சித்தி."

"நெசந்தான்டி. யாரு இல்லன்னா? நல்லா பாப்போம். ஆனா அது அம்மா குடுத்தது இல்ல."

"இவ்ளோ நாளும் அம்மாவ என்னமோ வந்து பிடுங்கிக்கிட்டுப் போச்சுன்னு நெனச்சிருந்தேன். வலியோட படுத்துக்கிட்டு, என்னைய விட்டுட்டுப் போறோமேன்னு அழுதிருப்பாங்கன்னு நெனச்சிருந்தேன்." என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கித் தொட்டியில் வைத்தாள். "அவங்களே போயிட்டாங்களா?"

"அவ போவலடி. நாங்கதான் அனுப்பிவெச்சோம்."

அது அவள் காதில் ஏறவில்லை. அவள் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு நான் எங்க இருந்தேன்?" என்றாள்.

"அந்த வூட்லதான் இருந்திருப்ப."

"இருந்திருப்பேன்னா? பக்கத்துலயே இருந்தேனா? இல்ல, யார்கிட்டயாச்சும் குடுத்துட்டா போனாங்க?" என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க சித்தி. என்னையப் பத்தி ஒரு நிமிசமாச்சும் நெனச்சிருப்பாங்கல்ல?"

சொல்வதற்கு என் வாயில் வாக்கியம் தயாராக இருந்தது. காலையில் உன்னைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, பொட்டு வைத்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஒரு முத்தம்கூட அதில் வைத்திருந்தேன். என்ன கலர் கவுன் என்பதுகூட வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அதைக் கட்டிக்கொண்டு மிச்ச நாளை ஓட்டியிருப்பாள். ஒருவேளை அது நடந்தும் இருக்கலாம். விழுங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான்.

"தெரியாதும்மா" என்றேன்.

"தாத்தா கேட்டிருப்பாருல்ல?"

"இல்ல."

"ஆயா? அந்தப் பக்கத்து வூட்டுக்காரங்கள, அந்தத் தெருவுல யாரையாச்சும்? புள்ள யார்கிட்ட இருந்துச்சின்னு?"

ஒரு பெரியவர் குழந்தையைத் தூக்கிவந்து என் அம்மாவின் மடியில் போட்டார். பிள்ளை கிடைத்ததே என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அது எங்கிருந்து வந்தது, எதைப் பார்த்தது, யார் கையில் இருந்தது என்று ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேனில் வரும்போது அது தூங்கிக்கொண்டு வந்தது. எழுப்ப வேண்டாம் என்று மட்டும் அப்பா சொன்னார். இதை அவளிடம் சொன்னேன்.

அவள் என் கையை விட்டாள்.

"நீங்க அம்மாவைப் பத்திப் புஸ்தகம் எழுதினீங்களே சித்தி. அப்பவாச்சும் போய் யாரையாச்சும் கேட்டீங்களா?"

"இல்லடி" என்றேன். "எழுதினேன். கேக்கல."